பொங்கலுக்கு ஒரு கால் மணி நேரம்



பொங்கல் லீவுக்கு என்ன பிளான்? ஊருக்குப் போகிறவர்கள் எப்போதோ டிக்கெட் எடுத்திருப்பீர்கள். அதே நாட்களில் தமிழ்நாடு முழுக்க ஒரு கூட்டம் மொட்டை மாடியிலும் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நின்று பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கும்.

2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு அது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் வகைவாரியாக எண்ணி, இ-பேர்ட் என்ற இலவச ஆப்பில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. சம்பளம் கிடையாது. பிறகு ஏன் செய்கிறார்கள்?

சேவை மனப்பான்மை என்று சொல்லிவிடலாம். ஆனால் இ-பேர்டின் கதை வேறு மாதிரி. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-ல் இதைத் தொடங்கியபோது, அறிவியலுக்கு உதவுங்கள் என்றுதான் கேட்டார்கள். முதல் சில வருடங்கள் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பிறகு மாற்றி யோசித்தார்கள். நீங்கள் இதுவரை எத்தனை வகைப் பறவை பார்த்தீர்கள், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பதெல்லாம் உங்கள் பெயரிலேயே பத்திரமாக இருக்கும்படி செய்தார்கள். உங்கள் பகுதியில் அதிகம் பார்த்தவர் யார் என்பதும் தெரிந்தது. பதிவுகள் மளமளவென்று குவிய ஆரம்பித்தன.

இதில் தப்பு என்ன இருக்கிறது? திருவிழா அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போகிறவர்கள் புண்ணியத்துக்காக மட்டுமா போகிறார்கள்? நாலு பேரோடு உட்கார்ந்து பேசலாம், நம் கை பட்ட சாம்பாரை ஊரே சாப்பிடும். அந்தச் சந்தோஷமும் சேர்ந்துதான் ஆளைக் கூட்டி வருகிறது.

வந்தவர்கள் தங்குவதற்கு இன்னொன்று வேண்டும். என் தோழியின் அம்மா, மாட்டுப் பொங்கலன்று விடிந்ததும் மாடியில் மஞ்சள் இலை விரித்து, காக்கைகளுக்குச் சோற்றுருண்டைகளாகக் கனுப்பிடி வைப்பவர். பேத்தி பக்கத்திலேயே போனோடு நிற்பாள். “காக்கா பதினொண்ணு, மைனா நாலு” என்று பாட்டி சொல்லச் சொல்ல அவள் பதிவாள்.

ஒரு முறை முருங்கை மரத்தில் புதிதாக ஏதோ ஒரு குருவி. பெயரைக் கண்டுபிடித்து அதையும் போட்டார்கள். சில நாளில் மெயில் வந்தது: கழுத்து என்ன நிறம், போட்டோ இருக்கிறதா? வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால், அனுபவமுள்ள தன்னார்வலர்கள் இப்படிக் கேட்டுச் சரிபார்ப்பது வழக்கம். பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. தான் சொன்னதை யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்களே!

இப்படி ஒருவர் படித்துவிட்டுக் கேட்பதற்குப் பரிசும் சான்றிதழும் ஈடாகாது என்பது என் அழுத்தமான கருத்து. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ‘யோசனை சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு, வந்த யோசனைக்கு ஒரு பதிலும் போடாமல் விட்டால், அடுத்த முறை யார் வாயைத் திறப்பார்கள்?

சரி, எண்ணிக் கொடுத்ததெல்லாம் எங்கே போகிறது? 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் தந்த 3 கோடி பதிவுகளை வைத்து 942 பறவை இனங்களை ஆராய்ந்தது. சிட்டுக்குருவி அழிந்தே போச்சு, செல்போன் டவர்தான் காரணம் என்று நாம் வீடுதோறும் பேசினோம் இல்லையா? 2020-ல் வந்த முதல் அறிக்கை, நாடு முழுவதுமாகப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்துவருகிறது என்றது. டவர் கதைக்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. ஒரு தனி விஞ்ஞானி எத்தனை ஊர் அலைந்து இதைக் கண்டுபிடிக்க முடியும்?

இந்தப் பொங்கலுக்கு நீங்களும் குழந்தைகளோடு ஒரு கால் மணி நேரம் மாடிக்குப் போங்களேன். காலையில் போனால் நல்லது, பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். பெயர் தெரியாத பறவையை ஊகித்துப் போட வேண்டாம். தெரிந்தவற்றில் ஒன்றையும் விட வேண்டாம். காக்காதானே என்று எல்லோரும் விட்டுவிட்டால், நாளைக்குக் காக்கா குறைந்தால்கூட நமக்குத் தெரியாது.

பட்டியலின் பிரதி ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள். படித்துவிட்டுப் பதில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்