பழ லாரிக்கும் வழி விடுங்கள்

காஷ்மீரின் அனந்தநாக்கிலிருந்து பஹல்காம் போகும் சாலையில் ஏறக்குறையப் பாதி வழியில் இருக்கிறது ஐஷ்முகாம். குன்றின் மேல் ஸைனுத்தீன் வலியின் தர்கா. கீழே லித்தர் பள்ளத்தாக்கில் ஆப்பிள், அக்ரூட் தோட்டங்கள். சல்மான் கான் நடித்த 'பஜ்ரங்கி பாய்ஜான்' படத்தின் கவ்வாலிப் பாடல் இங்கேதான் படமாக்கப்பட்டது. பஹல்காம் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படியேறுகிறார்கள், கும்பிடுகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். வழியெல்லாம் நிற்கும் தோட்டங்கள் அவர்களுக்கு வெறும் பின்னணி. அரசாங்கங்களும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டன என்பதுதான் வருத்தம்.

தர்காவையும் தோட்டத்தையும் பிரித்துப் பார்க்க முடியாத ஊர் இது. ஸைனுத்தீன், நுந்த் ரிஷி என்று மக்கள் அழைக்கும் ஷேக் நூருத்தீனின் முதன்மைச் சீடர்களில் ஒருவர். கிஷ்த்வாரில் இந்துக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர் என்கிறது மரபு. நூருத்தீன் வழிவந்த ரிஷிகள் இறைச்சி உண்ணவில்லை, மணம் செய்துகொள்ளவில்லை, குகைகளில் தங்கினார்கள், மரம் நட்டார்கள். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: கனி தரும் மரங்களை ஊரார் பயன்பெற நட்டு வைத்தார்கள், தங்களுக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வழியில் வந்த ஒருவரின் குகைதான் இன்று தர்காவாக இருக்கிறது.

வசந்த காலத்தில் இங்கே 'ஸூல்' திருவிழா நடக்கிறது. இரவில் ஆயிரக்கணக்கானோர் தீப்பந்தம் ஏந்திக் குன்றேறுகிறார்கள். ஓர் அரக்கனின் கொடுமையிலிருந்து ஊர் மீண்ட கதையை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். விழா நாட்களில் ஊரில் இறைச்சி சமைக்காத வழக்கமும் உண்டு. குளிர்காலம் முடிந்து விவசாய வேலை தொடங்குவதன் அடையாளம் அந்த வெளிச்சம். அதை ஒட்டித்தான் ஆப்பிள் பூக்கிறது.

அதன்பின் இலையுதிர்காலம் வரை ஓய்வில்லை. பூஞ்சை நோய்க்கு மருந்தடிக்க வேண்டும், ஆலங்கட்டி மழைக்குப் பயப்பட வேண்டும். செப்டம்பரில் அக்ரூட் உலுக்க உயர்ந்த மரங்களில் ஏறுகிறவர்கள் தவறி விழுந்து இறப்பதும் ஊனமாவதும் காஷ்மீரில் ஆண்டுதோறும் வரும் செய்தி. பிறகு ஆப்பிள் அறுவடை, தரம் பிரித்தல், பெட்டி கட்டுதல். எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் 2019-ஐ எவரும் மறக்கவில்லை: நவம்பர் 7-இல் முன்கூட்டியே கொட்டிய பனி, இலை உதிராத மரங்களைக் கிளையோடு முறித்துப் போட்டது.

காஷ்மீரில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன் ஆப்பிள் விளைகிறது. நாட்டின் மொத்த விளைச்சலில் இது ஏறக்குறைய முக்கால் பங்கு. ஆனாலும் காஷ்மீர் நலமாக இருக்கிறதா என்பதற்குத் தில்லி பார்க்கும் அளவுகோல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கைதான். அது எவ்வளவு எளிதில் நொறுங்கும் என்பதை 2025 ஏப்ரல் 22 காட்டியது. பஹல்காமின் பைசரன் புல்வெளியில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றார்கள். குதிரை ஓட்டிப் பிழைத்த உள்ளூர் இளைஞர் ஒருவரும் அவர்களில் அடக்கம். அந்த வாரமே விடுதிகள் காலியாகின, பல சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டன. மிச்சமிருந்த நம்பிக்கை மரத்தில் காய்த்துக்கொண்டிருந்தது.

அந்த நம்பிக்கையைச் சாலை கைவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் பெய்த பெருமழையில் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலை உதம்பூர் பக்கம் சரிந்தது. தில்லி ஆசாத்பூர் மண்டிக்கும், அங்கிருந்து கோயம்பேடு வரைக்கும் போக வேண்டிய பழம் லாரிகளிலேயே அழுகியது. செப்டம்பர் நடுவில் காஷ்மீரின் பழ மண்டிகள் கடையடைத்துப் போராடின. பழம் அழுகிய பிறகே எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். பட்காமிலிருந்து தில்லிக்குப் பார்சல் ரயில் ஓடத் தொடங்கியதும் அந்த மாதம்தான்.

ரயில் வந்தது நல்லது. ஆனால் காஷ்மீருக்கு ரயிலைக் கொண்டுவரும் செனாப் பாலம் ஜூன் மாதமே திறந்தாயிற்று. அனந்தநாக் சரக்கு முனையத்துக்கு ஆகஸ்ட் 9-ஆம் தேதியே சிமெண்ட் ஏற்றிய முதல் ரயில் வந்து சேர்ந்தது. பஞ்சாபிலிருந்து சிமெண்ட் வர முடிந்த தண்டவாளத்தில் அறுவடைக்கு முன்பே பழத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். நெடுஞ்சாலையோ ஒவ்வொரு ஆண்டும் சரியும் மலைச்சாலை. திடீர்ச் சோதனை என்று சொல்லித் தப்பிக்க இதில் இடமில்லை.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அனந்தநாக்கிலிருந்து குளிர்வசதியுள்ள சரக்கு ரயில் அன்றாடம் கிளம்ப வேண்டும். நெடுஞ்சாலை ஒருவழியாகும் நாட்களில் பழ லாரிக்கு நேரம் ஒதுக்கி, அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பனிக்கும் ஆலங்கட்டிக்கும் விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்கும் பயிர்க் காப்பீடும் வேண்டும். அதே சமயம், பள்ளத்தாக்கில் புதிய ரயில் பாதைகளுக்கு ஆய்வு நடந்தபோது, தோட்டம் போய்விடும் என்று ஷோபியான் விவசாயிகள் போராடினார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று ஒதுக்குவது அநியாயம். நாட்டு ஆப்பிள் மரம் நல்ல காய்ப்புக்கு வரப் பத்தாண்டு வரை பிடிக்கும். இழப்பீட்டைக் கணக்கிடும் அதிகாரி நிலத்தின் விலையோடு அந்தப் பத்தாண்டு உழைப்பையும் வருமானத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.