புஷ்ஷை யாரும் ஏமாற்றவில்லை

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2009 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கியபோது அமெரிக்கர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அவரைப் பிடித்திருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 2018 ஜனவரியில் சி.என்.என். எடுத்த கருத்துக் கணிப்பில், அது 61 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது. ஒரு காலத்தில் அவரைக் கரித்துக்கொட்டிய ஜனநாயகக் கட்சிக்காரர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் அவரைப் பற்றி நல்லவிதமாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். இடையில் அவர் தொடுத்த ஈராக் போரில் செத்தவர்கள் யாரும் எழுந்து வந்துவிடவில்லை. அவர் ஓவியம் வரையக் கற்றுக்கொண்டார். மிஷேல் ஒபாமா அவரைக் கட்டியணைத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. பின்னால் வந்த இன்னொரு அதிபரைப் பார்த்து மிரண்டவர்கள், இவர் எவ்வளவோ தேவலை என்று பெருமூச்சு விட்டார்கள்.

அந்தப் பெருமூச்சோடு ஒரு நம்பிக்கையும் வேர்பிடித்துவிட்டது. மனிதர் நல்லவர்தான், துணை அதிபர் டிக் செனியும் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டும்தான் கெடுத்துவிட்டார்கள், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருப்பதாக உளவுத்துறை தப்பான தகவலைக் கொடுத்துவிட்டது, அவர் என்ன செய்வார் பாவம் என்கிற நம்பிக்கை அது. நமக்கு இந்த வாதம் புதிதல்ல. தலைவர் தங்கம், சுற்றியிருக்கிற கூட்டம்தான் சரியில்லை என்று நாமும் எத்தனையோ பேருக்காகச் சொல்லியிருக்கிறோம். இந்தியர்களுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு: அணுசக்தி ஒப்பந்தம். 2008 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்து, இந்திய மக்கள் உங்களை ஆழமாக நேசிக்கிறார்கள் என்று மன்மோகன் சிங் அவரிடம் நேரிலேயே சொன்னார்.

ஏமாந்துபோன நல்லவர் என்கிற இந்தச் சித்திரம் பொய். நாள் தேதியோடு, கையெழுத்தோடு, அவர் வாயாலேயே சொன்ன வார்த்தைகளோடு அது பொய் என்று காட்ட முடியும்.

குழாய் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈராக் வெளிநாட்டில் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள், 2001-ல் ஜோர்டானில் பிடிபட்டன. விட்டம் 81 மில்லிமீட்டர், நீளம் 900 மில்லிமீட்டர். யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்துக்காகத்தான் இவை என்றது சி.ஐ.ஏ. ஆனால் அமெரிக்காவில் அந்த இயந்திரத்தைக் கையால் தொட்டுப் பழகிய வல்லுநர்கள் இருந்தது எரிசக்தித் துறையில். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வுக்கூடத்தில் காலமெல்லாம் இதையே பார்த்தவர்கள் அவர்கள். குழாயின் சுவர் தடிப்பு அதிகம், மையவிலக்குக்குச் சரிப்படாது, ஈராக்கிடம் ஏற்கெனவே இருக்கும் 81 மில்லிமீட்டர் ராக்கெட்டின் அளவோடு இது அச்சாகப் பொருந்துகிறது என்று அவர்கள் சொன்னார்கள். வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் அதையே சொன்னது. இந்த மாற்றுக் கருத்து ரகசியமாக யாருடைய மேசை இழுப்பறையிலும் கிடக்கவில்லை. 2002 அக்டோபரில் தயாரான தேசிய உளவு மதிப்பீட்டிலேயே பதிவாகியிருந்தது. மூன்று மாதம் கழித்து, 2003 ஜனவரி 28 அன்று, நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன்னால் நின்று, அணு ஆயுதம் தயாரிக்க உகந்த குழாய்களை ஈராக் அதிபர் சதாம் உசேன் வாங்க முயன்றார் என்று புஷ் சொன்னார். தம் அரசின் சொந்த வல்லுநர்களே மறுத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதே உரையில்தான் ஆப்பிரிக்காவில் சதாம் யுரேனியம் தேடினார் என்கிற வரியும் வந்தது. முந்தைய அக்டோபரில் சின்சினாட்டியில் அவர் பேசவிருந்த உரையிலும் இந்தக் குற்றச்சாட்டு இருந்தது; ஆதாரம் வலுவாக இல்லை என்று சொல்லி சி.ஐ.ஏ. இயக்குநர் ஜார்ஜ் டெனெட்டே தலையிட்டு எடுக்கவைத்தார். ஒருமுறை எடுத்த வரி, பிரிட்டிஷ் அரசு கண்டறிந்தது என்கிற முகவரியோடு, மூன்று மாதத்தில் திரும்ப வந்தது. உளவுத்துறை ஏமாற்றிவிட்டது என்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். உளவுத்துறை வேண்டாம் என்று சொன்ன வரி அது.

போருக்கு முன்பே உண்மையைத் தெரிந்துகொள்ள வழி இருந்ததா? இருந்தது. ஐ.நா. ஆய்வாளர்கள் 2002 நவம்பர் 27 முதல் ஈராக்கில் இருந்தார்கள். ஹான்ஸ் பிளிக்ஸ் குழு நூற்றுக்கணக்கான முறை சோதனை நடத்தியது; இன்னும் சில மாதம் கொடுங்கள் என்று கேட்டது. சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பராதே 2003 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அவையில், குழாய்கள் மையவிலக்குக்கானவை என்பதற்குச் சான்று இல்லை, ஆப்பிரிக்க நாடான நைஜரிலிருந்து யுரேனியம் வாங்கியதாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்று அறிவித்தார். அடுத்த இரண்டு வாரத்துக்குள் பாக்தாத் மீது குண்டு விழுந்தது. ஆய்வாளர்கள் வெளியேறியது அமெரிக்கா வெளியேறச் சொன்னதால்.

இதற்குப் பிறகு நடந்ததை என்னால் எத்தனை முறை படித்தாலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 2003 ஜூலை 14 அன்று ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆய்வாளர்களை உள்ளே விட சதாமுக்கு வாய்ப்புக் கொடுத்தோம், அவர் விடவில்லை என்று புஷ் சொன்னார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்த ஆய்வு அது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. இதை எந்த உளவு அதிகாரி அவருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார்? அதே நாளில் டெல்லியில் வாஜ்பாய் அரசு, ஈராக்குக்குப் படை அனுப்புங்கள் என்கிற அமெரிக்கக் கோரிக்கையை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. அன்று நம்மவர்களுக்கு இருந்த தெளிவு, இன்று புஷ்ஷுக்காக இரங்குகிறவர்களிடம் இல்லை.

பிரிட்டனின் உளவுத் தலைவர் வாஷிங்டன் போய்த் திரும்பிவந்து 2002 ஜூலை 23 அன்று பிரதமர் டோனி பிளேரிடம் சொன்னது பின்னாளில் வெளியாகி அச்சேறியது. போர் என்பது முடிவாகிவிட்டது, கொள்கைக்கு ஏற்றபடி உளவும் தகவல்களும் பொருத்தப்படுகின்றன என்பதுதான் அதன் சாரம். தப்பான தகவல் வந்ததால் போருக்குப் போனார்கள் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள். நடந்தது தலைகீழ். போர் முதலில் முடிவானது, தகவல் பிறகு தேடப்பட்டது.

சரி, சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்ப்போம். அந்தக் கூட்டத்தைச் சேர்த்தவர் யார்? அதில் யாரைத் தக்கவைத்துக்கொண்டார், யாரை அனுப்பினார்? பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, போருக்கு 10,000 முதல் 20,000 கோடி டாலர் ஆகலாம் என்று 2002 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். டிசம்பரில் அவர் பதவியில் இல்லை. உண்மையில் ஆன செலவு அவர் சொன்னதைப் போலப் பல மடங்கு. ஈராக்கைக் கட்டிக்காக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படும் என்று தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி 2003 பிப்ரவரியில் செனட் குழுவிடம் சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் அவரைப் பகிரங்கமாக மறுத்துப் பேசினார். அதிபர் வாய் திறக்கவில்லை. 2004 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் மிக உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தை மூன்று பேர் கழுத்தில் புஷ் அணிவித்தார். ஒருவர், ஆயுதம் இருப்பதாகச் சொன்ன உளவுத் தலைவர் டெனெட். இன்னொருவர், போரை நடத்திய தளபதி டாமி ஃபிராங்க்ஸ். மூன்றாமவர், ஆக்கிரமித்த ஈராக்கை ஆண்ட பால் பிரெமர். ஆயுதம் கிடைக்கவில்லை என்பது அதற்குள் ஊருக்கே தெரியும். தன்னை ஏமாற்றியவருக்கு எவராவது பதக்கம் கொடுப்பாரா?

பிரெமர் கதை இன்னும் மோசம். 2003 மே மாதம் அவர் ஈராக் ராணுவத்தைக் கலைத்து ஆணையிட்டார். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கான ஆண்கள் ஒரே நாளில் சம்பளமில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டுகளின் ரத்தக்களரிக்கு இந்த ஒரு முடிவைப் போல வழிவகுத்தது வேறொன்று இல்லை, பின்னாளில் ஐ.எஸ். என்று தலைதூக்கிய கூட்டத்தில் சதாமின் பழைய ராணுவ அதிகாரிகள் இருந்தார்கள். ராணுவத்தைக் கலைக்காமல் வைத்திருப்பதுதான் எங்கள் கொள்கை, அப்படி நடக்காமல் போய்விட்டது என்கிற தொனியில் புஷ் தம்மைப் பற்றி நூல் எழுதிய பத்திரிகையாளரிடம் சொன்னார். பிரெமர் சும்மா இருக்கவில்லை. 2007 செப்டம்பரில் இரண்டு கடிதங்களை வெளியிட்டார். 2003 மே 22 அன்று, சதாமின் ராணுவ அமைப்புகளைக் கலைக்கப்போகிறேன் என்று அவர் அதிபருக்கு எழுதியது ஒன்று. மறுநாளே, உங்களுக்கு என் முழு ஆதரவும் நம்பிக்கையும் உண்டு என்று அதிபர் எழுதிய பதில் இன்னொன்று. தெரியாமல் நடந்துவிட்டது என்கிற வாதம் அந்த இரண்டாவது கடிதத்தோடு செத்துவிட்டது.

சித்திரவதையிலும் கையெழுத்து இருக்கிறது. தாலிபான், அல்கொய்தா கைதிகளுக்கு ஜெனிவா உடன்படிக்கையின் பாதுகாப்பு கிடையாது என்ற 2002 பிப்ரவரி 7 ஆணையில் கையெழுத்திட்டவர் புஷ். கைதியைப் பலகையில் கட்டிவைத்து, முகத்தைத் துணியால் மூடித் தண்ணீர் ஊற்றி மூச்சடைக்க வைக்கும் முறையை சி.ஐ.ஏ. கையாண்டது, ஒரே கைதிக்கு 183 முறை அப்படிச் செய்தார்கள். இதைத் தடுக்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றி அனுப்பியபோது, 2008 மார்ச் 8 அன்று அதை ரத்து செய்ததும் அதே கை. அந்த நேரத்தில் ரம்ஸ்ஃபெல்ட் அமைச்சரவையிலேயே இல்லை.

உள்நாட்டிலும் இதே கதைதான். கத்ரீனா சூறாவளி கரையேறுவதற்கு முந்தைய நாள், 2005 ஆகஸ்ட் 28 அன்று, டெக்சாஸ் பண்ணை வீட்டிலிருந்து அவர் காணொளிக் கூட்டத்தில் கலந்துகொண்டார். தண்ணீர் கரைகளைத் தாண்டுமோ என்பது மிகப் பெரிய கவலை என்று தேசியச் சூறாவளி மையத்தின் இயக்குநர் அதில் எச்சரித்தார். புஷ் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முழுத் தயாராக இருக்கிறோம் என்றார். மறுநாள் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கிக்கொண்டிருந்தபோது அரிசோனாவில் செனட்டர் மெக்கெயினின் பிறந்தநாள் கேக்கோடு நின்றார். 31-ஆம் தேதி விமான ஜன்னல் வழியாக மேலிருந்து பார்த்துவிட்டுப் போனார். ஊரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள். கரை உடையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்று செப்டம்பர் 1 அன்று சொன்னார். அடுத்த நாள், நிவாரண முகமையின் தலைவர் மைக்கேல் பிரவுனை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அரேபியக் குதிரைச் சங்கத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் பிரவுன். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இங்கே எந்தச் செனி அவர் காதைக் கடித்தார்?

அவர் செய்த நல்லதை மறைக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க 2003-ல் அவர் அறிவித்த 1,500 கோடி டாலர் திட்டம் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. இந்தியாவுடனான அணு ஒப்பந்தத்துக்காகத் தம் நாட்டில் எழுந்த எதிர்ப்பை மீறினார். இரண்டையும் அவர் விருப்பத்தால் நடந்தவை என்றே அவரது அபிமானிகள் எழுதுகிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் இந்த மனிதருக்குக் கேள்வி கேட்கத் தெரியும், எதிர்ப்பை மீறித் தீர்மானிக்கத் தெரியும். எய்ட்ஸ் மருந்து அவர் கணக்கில், ஈராக் மட்டும் செனி கணக்கில் என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? ஓய்வுபெற்ற தளபதிகள் ரம்ஸ்ஃபெல்டை நீக்கச் சொன்னபோது, 2006 ஏப்ரலில், தீர்மானிக்கிறவன் நான் என்று புஷ்ஷே சொன்னார். அவர் சொன்னதை நம்புவோம்.

2022 மே மாதம் டல்லஸில் ஒரு மேடையில் ரஷ்யாவின் உக்ரைன் படையெடுப்பைக் கண்டித்துப் பேசினார். ஒரே மனிதனின் முடிவு, கொஞ்சமும் நியாயமற்ற, கொடூரமான படையெடுப்பு என்று சொல்லும்போது உக்ரைன் என்பதற்குப் பதிலாக ஈராக் என்று வாய் தவறிவிட்டது. திருத்திக்கொண்டு, வயது 75 ஆகிவிட்டது என்றார். அரங்கம் சிரித்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியப் பொதுமக்களும் ஏறத்தாழ 4,500 அமெரிக்க வீரர்களும் செத்த ஒரு போருக்காக எழுந்த சிரிப்பு அது. இந்த மன்னிப்பை வழங்கும் உரிமை அந்த அரங்கத்துக்கு இல்லை. ஃபலூஜாவில் வீடிழந்தவருக்கு இருக்கிறது. அபு கிரைப் சிறையில் நிர்வாணமாக நிறுத்தப்பட்டவருக்கு இருக்கிறது. அவர்களிடம் யாரும் கருத்துக் கணிப்பு எடுக்கவில்லை.

பின்னால் வந்தவர் இன்னும் மோசம் என்பதால் முன்னவர் நல்லவராகிவிட மாட்டார். இந்த ஒப்பீடு இன்று அவருக்குக் கொடுப்பது புகழ் மட்டுமில்லை, விசாரணையிலிருந்து விடுதலையும்கூட. பின்னோக்கிப் பார்ப்பதைவிட முன்னோக்கிப் பார்ப்போம் என்று 2009-ல் ஒபாமா கதவைச் சாத்தினார். பிரிட்டனில் அப்படி விடவில்லை. ஈராக் போர் பற்றிய சில்காட் விசாரணைக் குழு டோனி பிளேரை இரண்டு முறை பொதுவெளியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. அமைதி வழிகள் தீருமுன்பே போருக்குப் போனார்கள் என்று 2016 ஜூலையில் எழுதியும் வைத்தது. புஷ் எதிர்கொண்ட ஒரே பெரிய விசாரணை செப்டம்பர் 11 தாக்குதல் பற்றியது. அதற்கும் 2004 ஏப்ரல் 29 அன்று செனியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தம் அலுவலகத்திலேயே, உறுதிமொழி எடுக்காமல், ஒலிப்பதிவு இல்லாமல் பதில் சொன்னார்.

ஈராக் பற்றி அவரைத் தனியாக, உறுதிமொழியோடு உட்காரவைத்துக் கேட்க வேண்டியவை இன்னும் அப்படியே இருக்கின்றன. அக்டோபரில் எடுத்த வரியை ஜனவரியில் திரும்பச் சேர்க்கலாம் என்று யார் சொன்னது, நீங்கள் ஏன் அதைப் படித்தீர்கள்? எல்பராதே மார்ச் 7 அன்று பேசியதைக் கேட்ட பிறகு, குழாய் பற்றி உங்கள் எரிசக்தித் துறையை அழைத்து ஒரு முறையாவது விசாரித்தீர்களா? ஆய்வாளர்களை சதாம் உள்ளே விடவில்லை என்று அன்னானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னபோது, அது உண்மையில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? மே 23 அன்று பிரெமருக்குப் பதில் எழுதுமுன் அவர் கடிதத்தை முழுதாகப் படித்தீர்களா?