பொம்மை ரெயில் ரெடி. தங்கம் தியேட்டருக்கு அளவு எங்கே?

மதுரை ஜங்ஷனை விட்டு ரெயில் கிளம்புகிறது. சிறிது நேரத்தில் திருப்பரங்குன்றம் மலை. அதையும் தாண்டித் திருமங்கலம் போகும் வழியில் கப்பலூர். தியாகராசர் ஆலை, சிட்கோ தொழிற்பேட்டை, அப்புறம் எல்லோரும் திட்டித் தீர்க்கும் அந்த டோல்கேட்!

தினமும் இந்த வழியில் போய் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இதை அப்படியே சுருக்கி, ஒரு மேஜை மேல் கட்டி, அதில் குட்டி ரெயில் ஓட விட முடியுமா?

முடியும். வெளியூர்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். புனே நகரத்தில் ஜோஷி என்பவர் அமைத்த சிறு ரெயில் காட்சியகம் 1998ல் திறக்கப்பட்டது. பட்டனைத் தட்டினால் ரெயில் ஓடும், சிக்னல் விழும், தெருவிளக்கு எரியும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001ல் இதைவிடப் பிரமாண்டமாக ஒன்று வந்தது. அங்கே ஒரு வேடிக்கை. ஊருக்குள் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பெரிய சங்கீத மண்டபம் இழுத்துக்கொண்டே போனது. பொம்மை மண்டபத்தை 2013லேயே திறந்துவிட்டார்கள். நிஜ மண்டபம் 2017ல்தான் திறந்தது! காண்டிராக்டர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

87ல் ஒரு பங்கு

இந்த வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. உலகத்தில் பெரும்பாலான பொம்மை ரெயில்கள் நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆள், முக்கால் அங்குலப் பொம்மை ஆகிவிடுவார். மீனாட்சி அம்மன் கோவில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. மேஜை மேல் அது 2 அடிக்குக் கொஞ்சம் குறைவு.

தண்டவாளத்தில்தான் சிக்கல். வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் பொம்மைத் தண்டவாளம், 4 அடி எட்டரை அங்குல அகலமுள்ள அந்த ஊர்ப் பாதைக்குச் செய்தது. இங்குள்ள அகல ரெயில் பாதையோ 5 அடி 6 அங்குலம். ஓர் ஆளைக் குறுக்கே படுக்க வைத்தால் சரியாக இருக்கும். (யாரும் படுத்துப் பார்க்க வேண்டாம்!) அதனால் கடைத் தண்டவாளம் இன்றைய மதுரைக்குச் சேராது.

ஆனால் பழைய மதுரைக்குச் சேரும்! அப்போது ஓடியது மீட்டர்கேஜ். சுவிட்சர்லாந்து மலைகளிலும் மீட்டர்கேஜ் ஓடுவதால், 12 மில்லிமீட்டர் அகலப் பொம்மைத் தண்டவாளம் வெளிநாட்டில் ரெடியாகவே கிடைக்கிறது. மதுரை-போடி மீட்டர்கேஜ் 2010 டிசம்பர் கடைசியோடு நின்று, அகலப்பாதையாகி, 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு ரெயில் போனது. அந்தப் பழைய வண்டியின் குலுக்கலை அனுபவித்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்படியானால் கட்ட வேண்டியது பழைய மதுரையைத்தான்.

கையில் தொழில் இருக்கிறது

கப்பலூர் தொழிற்பேட்டை போன்ற இடத்தில் ஒரு பட்டறைப் பையன் இதில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேத் ஓட்டத் தெரிந்தவன், தகடு வெட்டத் தெரிந்தவன். பிளாஸ்டிக் ஷீட்டை மெஷினில் கொடுத்தால் ஜன்னல் ஜன்னலாக வெட்டிக் கொடுத்துவிடும். இன்று இந்த வேலைக்கு ஜெர்மனிக்காரன் தேவையில்லை.

இடம்தான் போதாது. ஜங்ஷனிலிருந்து கப்பலூர் 10 கிலோமீட்டருக்கு மேல். 87ல் ஒரு பங்கு என்றாலும் 115 மீட்டர் வேண்டும். எந்த வீட்டு ஹாலிலும் நடக்காது. ஆகவே பொம்மை ரெயில்காரர்கள் வெட்டிச் சுருக்குவார்கள். நாலு தெருவை ஒரு தெருவாக்குவார்கள். மலையில் ஒரு துண்டு, ஆலைச் சுவரில் ஒரு துண்டு. ஆனால் ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் தொடவே மாட்டார்கள். பார்த்ததும் "அட, நம்ம ஊரு!" என்று சொல்ல வைப்பது அந்தக் கட்டடங்கள்தான்.

மதுரை ஜங்ஷனை விட்டு வெளியே வந்தவர் எதைப் பார்த்து அப்படிச் சொல்வார்? எதிரே மங்கம்மாள் சத்திரம். தூரத்தில் கோபுரம். அப்புறம், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர்!

1952 தீபாவளிக்கு "பராசக்தி" படத்தோடு திறந்த கொட்டகை. சிவாஜிக்கு அதுதான் முதல் படம். உள்ளே 2,563 பேர் உட்காரலாம் என்பார்கள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் மார்தட்டினார்கள். வெளியூரிலிருந்து ரெயிலில் வந்து, மூட்டையைச் சத்திரத்தில் போட்டுவிட்டுப் படத்துக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

அது இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஜவுளிக்கடை.

பட்டறைப் பையன் யாரைப் போய்க் கேட்பான்? டீக்கடையில் ஒரு பெரியவரைக் கேட்டால் கிடைக்கிற பதில் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, தங்கம் தியேட்டர் முகப்பு எத்தனை அடிண்ணே?"

"அடியா? டிக்கெட் கெடைக்குமான்னு நின்னவனைப் போயி அடிக்கணக்குக் கேக்குறியேப்பா!"

கூட்டம் தெரியும். கியூவில் வாங்கிய போலீஸ் அடி தெரியும். எத்தனை தடவை பார்த்தார் என்பதும் தெரியும். கட்டடத்தின் அகலம் தெரியாது.

அளந்து வைத்த டாக்டர்

மதுரைக் கட்டடத்தை அளந்து, சிறிய வடிவில் செய்து வைத்த கதை ஒன்று உண்டு. அது நடந்தது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு! ரெயிலே பிறக்காத காலம்.

1780களில் மதுரையில் ஆதாம் பிளாக்கேடர் என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். கோவிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் மேல் அவருக்குப் பைத்தியம். படம் வரைந்தார். விவரம் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். 1792ல் அது அச்சில் வந்தது. அதோடு விடவில்லை. புதுமண்டபத்தை வெண்கலத்தில் சிறிய உருவமாகச் செய்யச் சொன்னார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் அது இருக்கிறது.

புதுமண்டபம் 333 அடி நீளம், 105 அடி அகலம் என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது. பொம்மை ரெயில் கணக்குக்கு 46 அங்குலமும் பதினாலரை அங்குலமும். பட்டறைப் பையன் நாளைக்கே ஆரம்பிக்கலாம். உள்ளே இருந்த தையல் மெஷின்களையும் பாத்திரக் கடைகளையும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியாகிவிட்டது; பொம்மையில் வேண்டுமானால் அவற்றைத் திரும்பக் கொண்டு வந்து உட்கார வைக்கலாம்!

கேலிக்கூத்து இதுதான். நாயக்கர் காலத்து மண்டபத்தைக் கட்ட அளவு கிடைக்கிறது. 1952ல் கட்டிய சினிமா கொட்டகைக்கு அலைய வேண்டியிருக்கிறது.

திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். 1636ல் கட்டியது. இன்று மிச்சம் நிற்பது கால்வாசிதான் என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரைக் கொண்டு போனபோது பெயர்த்துக்கொண்டு போனது பாதி, பாழாய்ப் போனது பாதி. போன முக்கால்வாசி எப்படி இருந்தது என்று இன்று எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் டேப் இல்லை, கேமரா இல்லை. சரி, விட்டுவிடலாம். இந்தக் காலத்துக்கு என்ன சாக்கு?

நியூயார்க்கில் நடந்தது

நியூயார்க்கில் பென்சில்வேனியா ரெயில் நிலையம் என்று ஒன்று இருந்தது. 1910ல் திறந்த அரண்மனை மாதிரிக் கட்டடம். 1963ல் இடிக்க ஆரம்பித்தார்கள். ஊரே கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் 1965ல் பழைய கட்டடங்களைக் காக்க அந்த நகரம் சட்டம் போட்டது. இடித்தது இடித்ததுதான். ஆனால் வரைபடமும் போட்டோவும் கத்தை கத்தையாக இருந்தன. அதே ஊர்த் தாவரப் பூங்காவில் 1992 முதல் குளிர்காலத்தில் பொம்மை ரெயில் கண்காட்சி நடக்கிறது. மரப்பட்டை, சுள்ளி, விதை, காய்ந்த இலை இவற்றாலேயே நகரத்துக் கட்டடங்களைச் செய்து வைக்கிறார்கள். இடிந்துபோன அந்த ரெயில் நிலையமும் அங்கே இடம் பிடித்திருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாக்கள் விரலை நீட்டிக் காட்டலாம்.

தங்கம் தியேட்டரை இடிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சண்டைக்குப் போக முடியாது. இரண்டாயிரத்துச் சொச்சம் நாற்காலியைக் காலியாகப் போட்டு எந்த முதலாளி வரி கட்டுவார்? பெரியார் பஸ் நிலையமும் அப்படித்தான். மழைக்கு ஒதுங்க முடியாத பழைய கட்டடம் போய், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதுசு வந்தது. பஸ்சுக்கு நிற்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஊர் என்றால் இடிக்கும், கட்டும்.

இடிக்கும் முன் அளந்தார்களா? அதுதான் கேள்வி.

"சோத்துக்கே வழியில்லை, பொம்மை வீட்டுக்கு அளவு கேக்குறாங்களாம்" என்று சிலர் முணுமுணுக்கலாம். செலவு எவ்வளவு? ஒரு டேப், ஒரு கேமரா, இரண்டு மாணவர்கள், நாலு நாள் சாப்பாடு. திருப்பரங்குன்றம் தியாகராசர் என்ஜினீயரிங் கல்லூரியில் கட்டடக்கலைப் படிப்பே இருக்கிறது. கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டு மனு வரும்போது, மாநகராட்சி ஒரு நிபந்தனை போட்டால் போதும்: ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடமா? அளவெடுத்த படம் ஒரு பிரதி கொடு. அப்புறம் கடப்பாரையைத் தூக்கு! பாரம்பரிய ஆணையச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 2012ல். அது பெரிய கோவில்களையும் அரண்மனைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். டீக்கடை, லாட்ஜ், கொட்டகை, பஸ் நிலையம் இவற்றை யார் பார்ப்பது?

அவசரமும் இருக்கிறது. மதுரை ஜங்ஷனைப் பல நூறு கோடி ரூபாயில் மாற்றிக் கட்ட 2022 மே 26ந்தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. மாற வேண்டியது மாறட்டும். ஆனால் பழைய முகப்பு, படிக்கட்டு, டிக்கெட் கவுண்டர் ஜன்னல் இவற்றின் அளவுகள் யாராவது ஒருவர் நோட்டில் ஏறியிருக்க வேண்டும். ரெயில்வேக்காரர்களிடம் பிளான் இருக்கும். அந்தப் பிளானின் நகல் மதுரைக்காரன் கண்ணில் படுகிற நூலகத்தில் இருக்க வேண்டும்.

தங்கம் தியேட்டரையும் கைகழுவிவிட வேண்டாம். சினிமா கொட்டகைக்கு லைசென்சு கேட்டால் கட்டடப் பிளானும் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கட்டு எந்த ரிக்கார்டு அறையில் தூசி தின்கிறதோ, அதிகாரிகள் மனசு வைத்தால் தேடிப் பார்க்கலாம்.

அதுவும் கிடைக்காவிட்டால் வீட்டுப் பரண்கள் இருக்கின்றன. தியேட்டர் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்ட ரசிகர் மன்றத்துக்காரர்கள் இருக்கிறார்கள். கல்யாண ஊர்வலம் அந்த வீதியில் போனபோது எடுத்த போட்டோக்கள் இருக்கின்றன. முன்னால் மாப்பிள்ளை, பின்னால் பாதிக் கொட்டகை. மாப்பிள்ளை உயரம் ஐந்தரை அடி என்று வீட்டில் யாராவது சொன்னால் போதும். பட்டறைப் பையன் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.