இளைக்கிற அக்காவுக்கு யார் மைதானம் தருவினம்?

மொத்தமான ஒரு பெண் படியேறும்போது இளைச்சால் எங்கட ஊரில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "சாப்பாட்டைக் குறை, எழும்பி நட." சொல்லுறவைக்கு அது அக்கறை. கேட்கிறவளுக்கு அவமானம். அவள் ஏன் இளைக்கிறாள் எண்டு மட்டும் ஒருத்தரும் யோசிக்கிறேல்லை.

நாங்கள் கலைப்பீடக்காரர்தான், ஆனாலும் இந்தக் கணக்கு விளங்கும். உடற்தகுதியை அளக்கிறவர்கள், ஒரு நிமிடத்தில் உடல் அதிகபட்சம் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்துது எண்டு பார்த்து, அதை எடையால் பிரிப்பார்கள். இரண்டு பெண்களுக்கும் 2 லீட்டர் எண்டு வையுங்கோ. 50 கிலோக்காரிக்கு கிலோவுக்கு 40 மில்லிலீட்டர் வரும், 80 கிலோக்காரிக்கு 25. எஞ்சின் ஒன்றுதான், ஏற்றியிருக்கிற பாரம் வேறு. வயிற்றுக் கொழுப்பு வேறு பிரிமென்றகட்டை மேலே தள்ளுறதால் மூச்செடுக்கவே கூட வேலை செய்யவேணும். மற்றவைக்குச் சும்மா நடை, அவளுக்குக் கிட்டத்தட்ட ஓட்டம்.

இதால் உடற்பருமன் பிரச்சினையே இல்லை எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. வருடக்கணக்கில் கூடுதலாக வேலை செய்யிற இதயத்தின் சுவர் தடிக்கும், பிரஷரும் சீனி வருத்தமும் சேர்ந்துவரும். ஆனால் ஒழுங்காகப் பயிற்சி செய்தால், தராசு அசையாவிட்டாலும் சில மாதங்களில் இதயமும் தசைகளும் முன்னேறும். எடை குறையேல்லை எண்டு இரண்டாம் மாதமே விட்டுவிடுகிற அக்காமாருக்கு இதை யாரும் சொல்லுறதில்லை. சைக்கிளும் நல்லது, உடம்பின் பாரத்தை சீற் தாங்கும். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு நிண்ட லேடீஸ் சைக்கிளை இப்ப ஸ்கூட்டி தள்ளிவிட்டுது, அது வேறு கதை.

உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு ஆகக்குறைஞ்சது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி கேட்கிறது. சரி, எங்க போய்ச் செய்யிறது? பெரிய பிள்ளையானதும் விளையாட்டு நிண்டுவிடும், பிறகு ரியூஷன், பிறகு சமையல். பின்னேரம் மைதானம் முழுக்கப் பெடியள். றோட்டில் நடந்தால் நக்கல், மொத்தமான பெண்ணெண்டால் இரட்டிப்பு நக்கல். இலங்கையில் உடற்பருமன் ஆண்களைவிடப் பெண்களிடம் கூட எண்டதில் எங்களுக்கு ஆச்சரியமேயில்லை.

எங்கட விளையாட்டுக் கழகங்களிடம் கேட்கிறோம்: கிழமையில் மூன்று பின்னேரம், ஒரு மணித்தியாலம், மைதானத்தைப் பெண்களுக்கு விடுங்கோ. லைற்றையும் போட்டுவிடுங்கோ.