லோகோவை அழித்துப் பரப்புவது குற்றமே

புயல் சின்னம் உருவாகியிருப்பதாக வானிலை மையம் அறிவித்த சில மணி நேரத்திலேயே பழைய வெள்ளக் காட்சிகள் வாட்ஸ்அப்பில் வலம்வரத் தொடங்கிவிடுகின்றன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எடுத்தவை, பிறகு வந்த மழைக்காலங்களிலும் ‘இன்று காலை’ என்று பரவின. இப்படி வரும் வீடியோக்கள் பலவற்றில் மேல் மூலை வெட்டப்பட்டிருக்கும். இல்லையென்றால் அங்கே ஒரு சதுரம் மங்கித் தெரியும். ஒரு சேனலின் லோகோ இருந்த இடம் அது. யாரோ தெரிந்தே அதை அழித்திருக்கிறார்கள். இது தவறு, மன்னித்துக் கடந்துபோகக்கூடிய சிறு தவறும் அல்ல.

அழிப்பதற்கு இன்று பெரிய திறமை வேண்டியதில்லை. லோகோ இருக்கும் கட்டத்தைச் சுட்டிக்காட்டினால் போதும், சுற்றியுள்ள நிறங்களைக் கொண்டே அந்த இடத்தை நிரப்பித் தரும் இலவச மென்பொருள்கள் உள்ளன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அந்த மங்கலைக்கூட விட்டுவைப்பதில்லை. கருவிகள் மீது நமக்குப் புகார் இல்லை. டிவியில் வந்த பழைய படத்தைக் கேசட்டில் பதிந்து வைத்தவர், லோகோவைத் துடைத்துவிட்டுத் தன் வீட்டில் பார்த்து மகிழ்ந்தால் அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. சொந்தப் பயன்பாட்டுக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே 39ஆவது பிரிவில் அனுமதிக்கிறது.

வீட்டு வாசலைத் தாண்டி அது பரவும்போது நிலைமை வேறு. உரிமையாளரை அடையாளம் காட்டும் தகவலை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குபவருக்கும், நீக்கப்பட்டது தெரிந்தே பரப்புபவருக்கும் 2 ஆண்டு வரை சிறை என்கிறது, 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவு. சேனல் லோகோ அந்த வரையறைக்குள் வருமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். நம் தீர்ப்பு அந்த வாதத்துக்காகக் காத்திருக்கவில்லை.

ஏனென்றால், லோகோ வெறும் சொத்து அடையாளம் அல்ல. இடுப்பளவு நீரில் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றவர் யாருக்காக நின்றார், அந்தக் காட்சி பொய்யானால் யாரைக் கேட்பது என்பதை அது சொல்கிறது. பல நேரங்களில் காலத்தையும் சொல்கிறது. 2024 ஏப்ரலில் டிடி நியூஸ் தன் சிவப்பு லோகோவைக் காவிக்கு மாற்றியது. அந்த மாற்றம் சரியா என்பது தனி விவாதம். ஆனால் சிவப்பு லோகோவோடு வரும் காட்சி அதற்கு முந்தையது என்பதை இன்று ஒரு பள்ளி மாணவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். லோகோவை அழிப்பவர் பறிப்பது அந்த வாய்ப்பைத்தான். ஒளிபரப்பு நிறுவனத்தின் மறுஆக்க உரிமை 25 ஆண்டுகளில் முடிந்துவிடும். 1993இல் சன் டிவி ஒளிபரப்பியவை மீதான அந்த உரிமை 2018 முடிவோடு தீர்ந்துவிட்டது. யார் காட்டினார்கள், எப்போது காட்டினார்கள் என்ற உண்மை தீர்ந்துவிடவில்லை.

தொலைக்காட்சிகளே இதைச் செய்வதுதான் நம்மை அதிகம் வருத்துகிறது. போட்டிச் சேனலின் லோகோ மீது தங்கள் லோகோவைப் பெரிதாக ஒட்டி மறைக்கிறார்கள். வழிப்போக்கர் ஒருவர் செல்போனில் எடுத்த விபத்துக் காட்சியைத் தாங்களே எடுத்ததுபோலக் காட்டுகிறார்கள். எடுத்தவருக்கு ஒரு நன்றி வரிகூட இல்லை. அன்றாடச் செய்திக்காகப் பிறர் ஒளிபரப்பிலிருந்து சிறு பகுதியை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள அதே 39ஆவது பிரிவு இடம் தருகிறது. நேர் வழி திறந்திருக்கும்போது மறைத்துச் செய்வதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. நாள் முழுக்க வெயிலில் நின்று எடுத்த காட்சி, மாலையில் வேறொரு சேனலில் வேறொரு லோகோவோடு ஓடுவதைப் பார்க்க நேரும் மாவட்ட ஒளிப்பதிவாளருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேண்டுமா?

செய்தி ஆசிரியர்கள் இன்றே ஓர் உத்தரவு போடலாம். பிறர் எடுத்த காட்சி அவர்களுடைய லோகோவோடுதான் வர வேண்டும். எடுத்தவர் பெயரும் எடுத்த நாளும் திரையில் தெரிய வேண்டும். அவை தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். யூடியூபில் செய்தி நடத்துவோருக்கும் இதில் விலக்கு இல்லை. மூலை வெட்டப்பட்ட வீடியோ கைக்கு வந்தால், எங்கிருந்து கிடைத்தது என்று அனுப்பியவரைக் கேளுங்கள். பதில் வரும்வரை அதை அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள்.