பாசிக் குளிசையும் கிளினிக் கொப்பியும்

உன்னிச்சையில் கடல் இல்லை. குளமும் வயலும்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்பகுதியில் இருக்கும் அந்தக் குளத்து நீரில்தான் வேளாண்மை நடக்கிறது. மட்டக்களப்பு நகரத்தின் குடிநீர்க் குழாய்களுக்கும் அதே நீர் போகிறது. உன்னிச்சையிலிருந்து ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போவதென்றால் வவுணதீவு வந்து, வலையிறவுப் பாலம் கடந்து, போதனா வைத்தியசாலையை அடைய வேண்டும். கீமோ மருந்து ஏற்றும் நாளில் துணைக்கு ஒருவர் போக வேண்டும். அவருடைய அன்றைய கூலியும் போய்விடும். இப்படியான வீடுகளுக்குத்தான் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உறவுகள், “எதிர்ப்புச் சக்தி கூடும்” என்று அன்போடு கடற்பாசிக் குளிசைப் போத்தல்களை அனுப்பிவைக்கிறார்கள். அனுப்ப ஆளில்லாதவர்கள் கடன்பட்டு வாங்குகிறார்கள்.

அந்தப் போத்தலில் இருப்பது வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. பழுப்புக் கடற்பாசிகளின் வழுவழுப்பான பசையில் ஃபியூகோயிடன் என்ற சர்க்கரைச் சேர்மம் இருக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் கிலின் 1913இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார். ஆய்வுகூடக் கிண்ணத்தில் அது நோய்க்கிருமிகளையும் கெட்டுப்போன கலங்களையும் தேடி அழிக்கும் வெண்குருதிக் கலங்களைத் தூண்டுகிறது. சில வகைப் புற்றுக்கலங்களை மடியச் செய்கிறது. ஆனால் கிண்ணத்தில் மருந்து நேராகக் கலத்தின்மேல் விழுகிறது. வாயால் விழுங்கும்போது அத்தனை பெரிய மூலக்கூறில் மிகச் சிறு பங்குதான் குடலைக் கடந்து இரத்தத்தில் சேரும். எனவே, நோயாளிகளிடம் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் முறை.

2011இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முற்றிய பெருங்குடல் புற்றுநோயாளிகள் 20 பேர், எல்லோருக்கும் கீமோ, அவர்களில் 10 பேருக்கு மட்டும் நாளொன்றுக்கு 4.05 கிராம் ஃபியூகோயிடன். பாசி எடுத்தவர்களில் 10 வீதமானோருக்கும் எடுக்காதவர்களில் 60 வீதமானோருக்கும் களைப்பு வந்தது. விளம்பரத்தில் போட ஏற்ற எண்தான். ஆனால் ஆட்களாக எண்ணினால் ஒருவருக்கு எதிரே ஆறு பேர், அவ்வளவே. வயிற்றோட்டமும் நரம்புப் பாதிப்பும் பாசியால் குறையவில்லை.

தாய்வானில் 2017இல் வெளியான ஆய்வு இன்னும் கட்டுக்கோப்பானது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது பாசி, எது வெற்றுத் தூள் என்று தெரியாமலே 54 பேரிடம் நடத்தப்பட்டது. நோய் மேலும் வளராமல் நின்றவர்கள் பாசிக் குழுவில் 92.8 வீதம், மற்றதில் 69.2 வீதம். நம்பிக்கை தரும் முடிவு இது. ஆனால் ஆயுள் நீண்டதா என்ற கேள்விக்கு, இரு குழுக்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை. 54 பேரின் கணக்கை வைத்துப் பெரிய ஆய்வுக்கு இறங்கலாம். படுவான்கரை விவசாயி ஒருவரைக் கடன்பட்டுப் போத்தல் வாங்கச் சொல்ல அது போதாது.

ஆபத்தும் இருக்கிறது. ஃபியூகோயிடனுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் உண்டு. கீமோவால் குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருப்பவருக்கும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவருக்கும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கும் இது சிறிய விடயமல்ல. பழுப்புப் பாசிகள் பலவற்றில் அயடீன் மிக அதிகம். தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் கொடுக்கும் முன் கடற்பாசியை அடியோடு விலக்கச் சொல்வது அதனால்தான். எதிர்ப்புச் சக்தி என்பது கூட்டக் கூட்ட நல்லது என்பதும் சரியல்ல. இரத்தப் புற்றுநோய்களில் நோய் பிடிப்பதே எதிர்ப்புக் கலங்களைத்தான். அங்கே எதைத் தூண்டுகிறோம் என்று தெரியாமல் தூண்டக் கூடாது.

எல்லா மருந்தோடும் மோதும் என்றும் பயமுறுத்தத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில், மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரசோல் அல்லது டமொக்சிஃபென் எடுத்துவந்த 20 பேருக்கு மூன்று வாரம் ஃபியூகோயிடன் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அந்த மருந்துகளின் அளவு குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்று 2018இல் எழுதினார்கள். இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய்தான் என்பதால் நமக்கும் வேண்டிய செய்தி இது. ஆனால் இரண்டு மருந்துகளுக்குக் கிடைத்த பதிலை மற்ற மருந்துகளுக்கு நீட்ட முடியாது.

குளிசையை நம்பிச் சிகிச்சையைக் கைவிடுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களுக்கு இறப்பு ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

கடல் நமக்குப் புற்றுநோய் மருந்தே தராது என்று இதற்குப் பொருளல்ல. கடல்முயல் என்ற ஓடில்லா நத்தையிலிருந்து ஜோர்ஜ் பெட்டிட்டின் குழு பிரித்து 1987இல் அறிவித்த டொலஸ்டாட்டின் 10, பின்னர் அந்த உயிரி மேயும் நீலப்பச்சைப் பாசியின் உற்பத்தி என்று தெரியவந்தது. அதன் சாயலில் செய்த நஞ்சை எதிர்ப்புப் புரதம் ஒன்றில் பிணைத்து உருவாக்கிய பிரென்டுக்சிமாப் வெடோட்டின், ஹொட்ச்கின் நிணநீர்ப் புற்றுக்கு 2011இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பாசியிலிருந்து மருந்துக்கு வர 24 ஆண்டுகளும் எண்ணற்ற பரிசோதனைகளும் தேவைப்பட்டன. போத்தல்காரர்கள் தாண்டிப்போக நினைப்பது இந்தப் பாதையைத்தான்.

நம் கரைகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அகார் எடுக்கப் பயன்பட்ட கஞ்சிப்பாசியை உலகம் ‘சிலோன் மொஸ்’ என்றே அறிந்திருந்தது. இலங்கையின் கடற்பாசிகளை ஆராய்ந்து எம். துரைரத்தினம் 1961இல் எழுதிய நூல் இன்றும் துறையினர் புரட்டும் நூல். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், நகரில் போதனா வைத்தியசாலை, திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் என்று கிழக்கில் ஆட்களும் அறிவும் உண்டு. கிழக்குக் கரைப் பாசிகளில் என்ன இருக்கிறது, எவ்வளவு அயடீன், எவ்வளவு ஆசனிக் என்ற அடிப்படைக் கணக்கிலிருந்தாவது இவர்கள் சேர்ந்து தொடங்க வேண்டும்.

அதுவரை நோயாளியின் எதிர்ப்புச் சக்தியைக் காப்பவை வேறு விடயங்கள். முட்டை, மீன், பருப்பு. வாயைச் சுத்தமாக வைத்திருப்பது. வெற்றிலை பாக்கை அடியோடு விடுவது. மருந்து ஏற்றிய பிறகு வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைவது பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள். அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உன்னிச்சையிலிருந்து நடுச்சாமத்தில் அப்படிப் போக ஒரு வாகனத்துக்கு ஒதுக்கிய காசு, எந்தப் போத்தலையும்விட உயிருக்கு நெருக்கமானது.

வைத்தியசாலையும் ஒன்று செய்யலாம். வேறென்ன எடுக்கிறீர்கள் என்று கண்டிக்காத குரலில், தமிழில், ஒவ்வொரு வரவிலும் கேட்க வேண்டும். ஏச்சு விழும் என்ற பயத்தில்தான் பலர் பாசிக் குளிசையையும் பரிசாரியின் கசாயத்தையும் மறைக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் கீமோ மருந்துகளுக்குக் கீழே அவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கினால், இரத்தப் பரிசோதனை முடிவு திடீரென்று மாறும்போது மருத்துவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அவர் கையிலேயே இருக்கும்.