சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்குது!

கம்ப்யூட்டர் லேபில் பாட வீடியோவைப் பார்ப்பதைவிட, நடுவில் சுற்றும் அந்த வட்டத்தைத்தான் அதிகம் பார்க்கிறோம். உடனே “நெட் ஸ்லோடா!” என்று ஒரு குரல். என்னைக் கேட்டால், பாதித் தப்பு நம் விரல் மேல்தான்!

யூடியூபில் வீடியோ மொத்தமாக வருவதில்லை. சில விநாடிக்கு ஒரு துண்டாக வருகிறது. அடிக்கோட்டில் வெளிர்நிறம் எதுவரையோ, அதுவரைதான் வந்திருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்தால் புதுத் துண்டு வரும்வரை காத்திருக்கணும். அங்கே இங்கே தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு காத்திருப்பு! ‘பாஸ் பண்ணி வெச்சா முழுசும் லோடு ஆயிடும்’ என்பதெல்லாம் பழைய கதை. இப்போது கொஞ்ச தூரத்துக்குத்தான் முன்கூட்டி வரும்.

அப்போ என்ன செய்யலாம்?

1. தரத்தை 360பி-க்குக் குறைப்போம். 1080பி-யில் ஒரு படத்துக்கு 1920 × 1080 புள்ளிகள். 360பி-யில் 640 × 360. அதாவது ஒன்பதில் ஒரு பங்குதான்!

2. கோட்டின் மேல் மவுஸை வைத்தாலே குட்டிப் படம் தெரியும். இடத்தைப் பார்த்துவிட்டு ஒரே தடவை தட்டுவோம்.

3. கொஞ்சம்தான் தாண்டணும் என்றால் வலது அம்புக்குறி போதும். ஒரு அழுத்துக்கு 5 விநாடி.

லேபில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இணைப்பு. தெருக்குழாயில் ஒருத்தரே குடம் குடமாகப் பிடித்தால் பின்னால் நிற்பவர் கதி என்ன?

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த நிமிடத்தில் எந்தப் பகுதி என்று முதலிலேயே போர்டில் எழுதிப் போட்டால், நாங்கள் தேடித் தேடித் தட்ட மாட்டோம். மிச்சமாகும் நேரத்தில் சந்தேகம் கேட்கலாமே!